கன்னக்களவு வழக்கில் சாட்சியம் தள்ளுபடியானால் தண்டனையும் ரத்தாகுமா? அலிப்பூர் வழக்குகள் உணர்த்தும் சட்ட நிலை

கொல்கத்தா: வீட்டின் பூட்டை உடைத்து நகை திருடிய வழக்கில் ஒருவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்படுகிறது. தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்த சாட்சியங்களுள் ஒன்று சட்டப்படி ஏற்கத்தக்கதே அல்ல என்பது மேல்முறையீட்டில் தெளிவாகிறது. அப்படியானால் அவர் விடுதலை பெறுவாரா? தண்டனை பெற்றவரின் குடும்பத்தினர் வழக்கறிஞரிடம் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவே.

'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் கூற இயலாது. தவறாக ஏற்கப்பட்ட சாட்சியத்தை நீக்கிய பின்னரும் எஞ்சியிருக்கும் ஆதாரங்கள் தீர்ப்பைத் தாங்குமா என்பதையே இந்தியச் சட்டம் ஆராயச் சொல்கிறது. மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கானாஸ் மாவட்ட அமர்வு நீதிமன்றம் அமைந்துள்ள அலிப்பூரில் நடைபெற்ற இரு வழக்குகள், இந்த விதி எவ்வாறு செயல்படுகிறது என்பதை இரு வேறு திசைகளில் காட்டுகின்றன. ஒன்றில், முக்கியச் சாட்சியம் விலக்கப்பட்டதால் அரசுத் தரப்பு வலுவிழந்தது. மற்றொன்றில், வாக்குமூலத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட பின்னரும் தண்டனை நிலைத்தது.

விதி என்ன சொல்கிறது?

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 167ஆவது பிரிவு, சாட்சியம் தவறாக ஏற்கப்பட்டது அல்லது தவறாக நிராகரிக்கப்பட்டது என்பது மட்டுமே மறுவிசாரணைக்கோ தீர்ப்பை மாற்றுவதற்கோ காரணமாகாது என்று கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தில் இதே விதி 169ஆவது பிரிவாக இடம்பெற்றுள்ளது. அன்றைய தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகளும் மேல்முறையீடுகளும் பழைய சட்டத்தின்படியே தொடரும் என்று புதிய சட்டம் குறிப்பிடுவதால், நீதிமன்றங்களில் தற்போது இரு சட்டங்களின் பிரிவு எண்களும் புழக்கத்தில் உள்ளன.

இந்தப் பிரிவின்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு கேள்விகளை எழுப்ப வேண்டும். முதலாவது, ஆட்சேபத்துக்குரிய சாட்சியத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டால், தீர்ப்பை நியாயப்படுத்தும் அளவுக்கு வேறு சாட்சியம் உள்ளதா? இரண்டாவது, விசாரணை நீதிமன்றம் ஏற்க மறுத்த சாட்சியத்தை ஏற்றிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? முதல் கேள்விக்கு 'உள்ளது' என்பதும், இரண்டாவது கேள்விக்கு 'மாறியிருக்காது' என்பதும் விடையானால், பிழை நேர்ந்தது உண்மையே ஆயினும் தீர்ப்பு மாறாது.

இலங்கையின் 1895ஆம் ஆண்டு சாட்சியக் கட்டளைச் சட்டமும் இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு இயற்றப்பட்டதால், அங்கும் 167ஆவது பிரிவில் இதே விதி காணப்படுகிறது.

1908: குறுக்கு விசாரணைக்கு முன் கொல்லப்பட்ட சாட்சி

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு என வரலாற்றில் அறியப்படும் வழக்கு, 1908 ஏப்ரல் 30 அன்று பீகாரின் முசாஃபர்பூரில் நடந்த குண்டுவீச்சைத் தொடர்ந்து உருவானது. மே 2 அன்று கல்கத்தாவின் மாணிக்தலா தோட்டத்திலும் பிற இடங்களிலும் போலீசார் சோதனை நடத்தினர். அரவிந்த கோஷ், அவரது தம்பி பாரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத்தா உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர்.

கைதானவர்களுள் ஒருவரான நரேந்திரநாத் கோஸ்வாமி மன்னிப்புப் பெற்று அப்ரூவராக மாறினார். மாஜிஸ்திரேட் முன்னிலையில் அவர் சாட்சியம் அளித்தார். எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு முன்பே, 1908 ஆகஸ்ட் 31 அன்று அலிப்பூர் சிறை மருத்துவமனையில் சக கைதிகளான கனாய்லால் தத்தா, சத்யேந்திரநாத் போஸ் ஆகியோர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவ்விருவரும் அதே ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர்.

இறந்துவிட்ட ஒருவர் முன்னர் அளித்த சாட்சியத்தைப் பின்னர் நடைபெறும் விசாரணையில் பயன்படுத்தலாமா என்பதை அன்றைய சாட்சியச் சட்டத்தின் 33ஆவது பிரிவு நிர்ணயித்தது. எதிர்த்தரப்புக்கு அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்றாகும். கோஸ்வாமி விஷயத்தில் அந்த வாய்ப்பு கிடைக்காததால், அவரது சாட்சியத்தை அரசுத் தரப்பு பயன்படுத்த இயலாமல் போனது.

அரசுத் தரப்பில் வாதாடியவர் சென்னையில் புகழ்பெற்று விளங்கிய பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன். அரவிந்தருக்காகச் சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். கூடுதல் அமர்வு நீதிபதி பீச்கிராஃப்ட் முன்பு நடந்த விசாரணையில் 200க்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1909 மே 6 அன்று அளிக்கப்பட்ட தீர்ப்பில் அரவிந்தர் விடுதலை செய்யப்பட்டார். பாரீந்திர குமார் கோஷுக்கும் உல்லாஸ்கர் தத்தாவுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

தண்டனை பெற்றவர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர். தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ், நீதிபதி கார்ன்டஃப் ஆகியோர் 1909 நவம்பர் 23 அன்று வழங்கிய தீர்ப்பில், இருவரின் மரண தண்டனையும் ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. இரு நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு எழுந்த சிலரின் மேல்முறையீடு மூன்றாவது நீதிபதியின் முடிவுக்கு அனுப்பப்பட்டது.

எத்தனை முக்கியமான சாட்சியமாயினும், அதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எதிரிக்கு அளிக்கப்படாவிட்டால் அது தீர்ப்புக்கு ஆதாரமாக முடியாது என்பதே இவ்வழக்கின் படிப்பினை. சாட்சியைக் கொன்றவர்கள் சக கைதிகளே என்றபோதிலும், அக்கொலையில் தொடர்பில்லாத ஏனைய எதிரிகளின் குறுக்கு விசாரணை உரிமை அதனால் அற்றுப்போகவில்லை. பழைய 33ஆவது பிரிவு தற்போது புதிய சட்டத்தின் 27ஆவது பிரிவாக மாறியுள்ளது.

1994: வாக்குமூலத்தில் ஏற்கப்பட்டதும் விலக்கப்பட்டதும்

இரண்டாவது வழக்கு, குடியிருப்பில் நடந்த திருட்டும் சேர்ந்த ஒரு கொடுங்குற்ற வழக்காகும். 1990 மார்ச் 5 அன்று கொல்கத்தாவின் பவானிப்பூர் பகுதியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பள்ளி மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். வீட்டிலிருந்த கைக்கடிகாரம் ஒன்றும் காணாமல் போயிருந்தது. அக்குடியிருப்பின் காவலாளியாகப் பணியாற்றிய தனஞ்சய் சாட்டர்ஜி, மே மாதம் பாங்குரா மாவட்டத்திலுள்ள தமது கிராமத்தில் கைது செய்யப்பட்டார்.

அலிப்பூர் அமர்வு நீதிமன்றம் 1991 ஆகஸ்டில் அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. கொலைக்கு மரண தண்டனையும், வன்கொடுமைக்கு ஆயுள் தண்டனையும், வீட்டில் திருடியதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 380ஆவது பிரிவின்கீழ் ஐந்து ஆண்டு கடுங்காவலும் விதிக்கப்பட்டன. 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்பட்டது.

கைதான பின் அவர் போலீசாரிடம் அளித்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலத்தின் அடிப்படையில் கைக்கடிகாரமும் ஆடைகளும் கைப்பற்றப்பட்டன. இந்த வாக்குமூலம் பற்றி உச்ச நீதிமன்றம் 1994 ஜனவரி 11 அன்று வழங்கிய தீர்ப்பில் சட்ட நிலையைத் தெளிவுபடுத்தியது. போலீசாரிடம் அளிக்கப்படும் வாக்குமூலம் முழுவதும் சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆவது பிரிவுகளால் தடுக்கப்படுகிறது. பொருட்கள் கண்டெடுக்கப்படுவதற்கு நேரடியாகக் காரணமாக இருந்த பகுதி மட்டும் 27ஆவது பிரிவின்படி ஏற்கத்தக்கது என்று நீதிபதிகள் கூறினர். ஏற்க முடியாத பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பகுதியை மட்டுமே அவர்கள் கருத்தில் கொண்டனர்.

ஆயினும் மேல்முறையீடு வெற்றி பெறவில்லை. குடியிருப்பின் ஊழியர்கள் அளித்த சாட்சியம், சம்பவத்துக்குப் பின் அவர் தலைமறைவானது, சம்பவ இடத்தில் கிடைத்த சட்டைப் பொத்தானும் அறுந்த சங்கிலியும், மீட்கப்பட்ட கைக்கடிகாரம் ஆகிய சந்தர்ப்ப சாட்சியங்களே குற்றத்தை நிரூபிக்கப் போதுமானவை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கருணை மனுக்கள் நிராகரிக்கப்பட்ட பின்னர், 2004 ஆகஸ்ட் 14 அன்று அவர் அலிப்பூர் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வழக்கில் பயன்படுத்தப்பட்ட சந்தர்ப்ப சாட்சியங்களின் நம்பகத்தன்மை குறித்து, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பின்னாளில் கேள்வி எழுப்பினர். திருத்தவே முடியாத தண்டனை ஒன்றில், எஞ்சியிருக்கும் சாட்சியம் போதுமானதா என்ற கணிப்பு எத்தனை எச்சரிக்கையுடன் செய்யப்பட வேண்டும் என்பதை அந்த விவாதம் நினைவூட்டியது.

பூட்டை உடைத்த வழக்கில் எப்படிப் பொருந்தும்?

இந்த விதியைச் சாதாரணக் கன்னக்களவு வழக்குக்குப் பொருத்திப் பார்க்கலாம். விளக்கத்துக்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். இரவில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டு நகைகள் திருடப்படுகின்றன. இரு வாரங்களுக்குப் பின் கைதாகும் இளைஞருக்கு எதிராக நான்கு ஆதாரங்கள் தாக்கல் செய்யப்படுகின்றன. போலீசாரிடம் அவர் அளித்த ஒப்புதல் வாக்குமூலம், அவர் காட்டிய இடத்தில் கைப்பற்றப்பட்ட நகைகள், எதிர் வீட்டுக் கண்காணிப்புக் கேமரா பதிவு, சம்பவ இரவில் அவரைத் தெருவில் கண்டதாகக் கூறும் அண்டைவீட்டாரின் சாட்சியம் ஆகியவையே அந்த நான்கு.

ஒப்புதல் வாக்குமூலம்: 'நான்தான் பூட்டை உடைத்தேன், நகைகளைத் திருடினேன், அவற்றை எங்கள் வீட்டுக் கொல்லையில் புதைத்து வைத்துள்ளேன்' என்று அவர் கூறியதாகக் கொள்வோம். முதல் இரு பகுதிகளும் சாட்சியமாகா. நகைகள் கொல்லையில் புதைக்கப்பட்டுள்ளதை அவர் அறிந்திருந்தார் என்பதும், அவை அங்கேயே கண்டெடுக்கப்பட்டன என்பதும் மட்டுமே ஏற்கத்தக்கவை. சென்னை மாகாணத்தின் குண்டூர் பகுதியிலிருந்து எழுந்த புலுக்குரி கோட்டையா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த இந்த எல்லைக்கோடு இன்றும் பின்பற்றப்படுகிறது. கண்டெடுக்கப்படுவது பொருள் மட்டுமல்ல, அது வைக்கப்பட்டிருந்த இடமும் அதைப் பற்றி எதிரி அறிந்திருந்ததும் சேர்ந்ததே என்பது அத்தீர்ப்பின் சாரம். புதிய சட்டத்தில் 25, 26, 27ஆவது பிரிவுகள் ஒன்றிணைக்கப்பட்டு 23ஆவது பிரிவாகியுள்ளன.

கைப்பற்றப்பட்ட நகைகள்: திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் திருட்டுப் பொருளை வைத்திருப்பவர், அது தமக்கு எப்படி வந்தது என்று விளக்கமளிக்காவிட்டால், அவரே திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என அறிந்தே பெற்றவர் என நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சட்டத்தின் 114ஆவது பிரிவிலும் புதிய சட்டத்தின் 119ஆவது பிரிவிலும் இந்த ஊகம் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ளது. ஊகிக்கலாம் என்பதே சட்டத்தின் சொல். ஊகிக்க வேண்டும் என்பது கட்டாயமன்று. கால இடைவெளி கூடக்கூட ஊகத்தின் வலு குறையும்.

சோதனையில் நடைமுறைக் குறைபாடு இருந்தால், கைப்பற்றப்பட்ட பொருள் தானாகவே சாட்சியத்திலிருந்து விலக்கப்படுவதில்லை. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த ஆவணமும், வழக்குக்குத் தொடர்புடையதாயின் ஏற்கத்தக்கதே என 1973 டிசம்பரில் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. குறைபாடு இருந்தால் அச்சாட்சியத்தின் நம்பகத்தன்மை கூடுதல் கவனத்துடன் ஆராயப்படும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் எனப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு தற்போது கூறுவதால், அத்தகைய பதிவு இல்லாத வழக்குகளில் இந்தக் கேள்வி மேலும் கூர்மையாக எழ வாய்ப்புள்ளது.

கேமரா பதிவு: மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் தேவை என 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பதிவு செய்த மூலக் கருவியே நீதிமன்றத்தில் முறைப்படி தாக்கல் செய்யப்பட்டால் சான்றிதழ் தேவையில்லை. பழைய சட்டத்தின் 65பி பிரிவுக்கு ஈடாக இப்போது 63ஆவது பிரிவு உள்ளது.

இனி மேல்முறையீட்டு நீதிபதியின் கணக்கைப் பார்க்கலாம். ஒப்புதல் வாக்குமூலத்தின் முதல் பகுதி விலக்கப்படுகிறது. சான்றிதழ் இல்லாததால் கேமரா பதிவும் விலக்கப்படுகிறது. நகைகள் கண்டெடுக்கப்பட்டதும், அவரைத் தெருவில் கண்டதாகக் கூறும் சாட்சியமும் எஞ்சுகின்றன. அண்டைவீட்டார் குறுக்கு விசாரணையில் தடுமாறியிருந்தால், நகைகள் மட்டுமே மிஞ்சும்.

14 ஆண்டா, 3 ஆண்டா?

இந்த இடத்தில்தான் சாட்சிய விலக்கலின் உண்மையான விளைவு வெளிப்படுகிறது. இரவில் கன்னமிட்டுத் திருடும் நோக்கத்துடன் வீட்டுக்குள் நுழைந்ததற்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் 457ஆவது பிரிவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 331ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவும் 14 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கின்றன. வீட்டில் நிகழும் திருட்டுக்கு, பழைய 380ஆவது பிரிவின்படியும் புதிய 305ஆவது பிரிவின்படியும் ஏழு ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். திருட்டுப் பொருளை அறிந்தே வைத்திருந்த குற்றத்துக்கு, பழைய 411ஆவது பிரிவும் புதிய 317ஆவது பிரிவும் விதிக்கும் உச்சவரம்பு மூன்று ஆண்டுகளே.

அவர் வீட்டுக்குள் நுழைந்தார் என்பதற்குச் சாட்சியமில்லை, நகைகள் அவர் வசம் இருந்தன என்பதற்கு மட்டுமே சாட்சியம் உண்டு என்று நீதிமன்றம் கருதினால், கன்னக்களவுக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்து, திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கலாம். தீர்ப்பை ரத்து செய்தல், விடுவித்தல், மறுவிசாரணைக்கு உத்தரவிடுதல், குற்றப் பிரிவை மாற்றுதல், தண்டனையைக் குறைத்தல் ஆகிய அதிகாரங்களைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 386ஆவது பிரிவும், புதிய சன்ஹிதாவின் 427ஆவது பிரிவும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வழங்குகின்றன. தண்டனை பெற்றவர் மட்டுமே தாக்கல் செய்த மேல்முறையீட்டில் தண்டனையை அதிகரிக்க இப்பிரிவு இடமளிப்பதில்லை.

கொல்லை பலரும் நடமாடும் இடம், நகைகளை அடையாளம் காட்டியதில் குழப்பம், கைப்பற்றுதல் மகஜரில் கையெழுத்திட்ட சாட்சிகள் பிறழ்சாட்சியானது போன்ற ஐயங்களும் சேருமானால், முழு விடுதலைக்கும் வழி திறக்கும். சந்தர்ப்ப சாட்சியங்களை மட்டுமே நம்பும் வழக்கில், அவை அறுபடாத சங்கிலியாக அமைந்து, எதிரியின் குற்றத்தைத் தவிர வேறெந்த முடிவுக்கும் இடமளிக்கக் கூடாது என்று சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலே இங்கும் பயன்படுத்தப்படும்.

ஆட்சேபத்தை எப்போது எழுப்ப வேண்டும்?

சாட்சியம் பற்றிய ஆட்சேபங்கள் இரு வகைப்படும். அச்சாட்சியம் எந்நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல என்பது ஒரு வகை. அதை நிரூபித்த முறை தவறு என்பது மற்றொரு வகை. தமிழகத்திலிருந்து சென்ற ஆர்.வி.இ. வெங்கடாசல கவுண்டர் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. அது உரிமையியல் வழக்காயினும், அதில் கூறப்பட்ட கொள்கை குற்றவியல் வழக்குகளிலும் எடுத்தாளப்படுகிறது.

போலீசாரிடம் அளித்த ஒப்புதல் முதல் வகையைச் சேர்ந்தது. விசாரணையின்போது எவரும் ஆட்சேபிக்காவிட்டாலும், மேல்முறையீட்டில் முதன்முறையாகக்கூட அதை எதிர்க்கலாம். நிரூபிக்கும் முறை பற்றிய குறையை, ஆவணம் குறியீடு செய்யப்படும்போதே சுட்டிக்காட்ட வேண்டும். அப்போதே எதிர்த்திருந்தால் அரசுத் தரப்பு குறையைச் சரிசெய்திருக்கும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். மின்னணுச் சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபத்தை மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப முடியாது என ஹரியானாவிலிருந்து வந்த சோனு வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் இந்த அடிப்படையில்தான். மேற்கூறிய கற்பனை வழக்கில் இளைஞரின் வழக்கறிஞர் விசாரணையின்போது மௌனமாக இருந்திருந்தால், கேமரா பதிவு சாட்சியமாகவே நிலைத்திருக்கக்கூடும்.

ஆட்சேபத்தின் மீது நீதிபதி எப்போது முடிவெடுக்க வேண்டும் என்பதிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு, சாட்சியத்தைத் தற்காலிகமாகப் பதிவு செய்து, இறுதித் தீர்ப்பில் முடிவு செய்யலாம் என 2001இல் பிபின் சாந்திலால் பாஞ்சால் வழக்கில் கூறப்பட்டது. சாட்சியை விசாரிக்கும்போதே, இயலாவிடில் அச்சாட்சியின் விசாரணை முடியும்போதாவது முடிவெடுக்க வேண்டும் என 2021 ஏப்ரலில் குற்றவியல் விசாரணைக் குறைபாடுகள் குறித்த வழிகாட்டுதல்களில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது.

எதிரியின் சாட்சியம் மறுக்கப்பட்டிருந்தால்?

நிராகரிக்கப்பட்டது எதிர்த்தரப்பின் சாட்சியமாகவும் இருக்கலாம். சம்பவ இரவில் தாம் வேறு ஊரில் பணியில் இருந்ததாகக் கூறும் எதிரி, நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டை வரவழைக்கக் கோருகிறார். வழக்கைத் தாமதப்படுத்தும் முயற்சி எனக் கருதி மாஜிஸ்திரேட் அந்த மனுவைத் தள்ளுபடி செய்கிறார். இந்நிலையில் 169ஆவது பிரிவின் இரண்டாவது கேள்வி எழும். அப்பதிவேடு ஏற்கப்பட்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்பதே அது.

அதனை நேரடியாகப் பரிசீலிக்கவும் வழியுண்டு. கூடுதல் சாட்சியம் அவசியம் எனக் கருதினால், காரணங்களைப் பதிவு செய்து, தானே அதைப் பெறவோ மாஜிஸ்திரேட் மூலம் பெறவோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பழைய நடைமுறைச் சட்டத்தின் 391ஆவது பிரிவும் புதிய சன்ஹிதாவின் 432ஆவது பிரிவும் அதிகாரம் அளிக்கின்றன. எனினும், உரிய அக்கறையுடன் முயன்றும் விசாரணையின்போது அச்சாட்சியத்தை அளிக்க இயலாமல் போயிருக்க வேண்டும் என அஜித்சிங் சேஹுஜி ராத்தோட் வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. விசாரணையில் கோரிக்கை எழுப்பி, அது மறுக்கப்பட்டதற்கான பதிவு இருப்பது இதனால் முக்கியத்துவம் பெறுகிறது.

முழு மறுவிசாரணை அரிதாகவே உத்தரவிடப்படுகிறது. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய உத்தரவைப் பிறப்பித்து, விசாரணையை மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது. அந்த அளவுக்கு விசாரணையின் நேர்மையே பாதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே நீதிமன்றங்கள் அவ்வழியை நாடுகின்றன.

பிற நாடுகளில் நிலை

அமெரிக்காவில் சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளை மாநில நீதிமன்றங்களும் சாட்சியமாக ஏற்கக் கூடாது என 1961இல் மாப் எதிர் ஓஹியோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அங்கும் ஒவ்வொரு பிழையும் தண்டனையை ரத்து செய்வதில்லை. அரசியல் சாசன உரிமை மீறப்பட்ட வழக்கில், அப்பிழை தீர்ப்பைப் பாதிக்கவில்லை என்பதை அரசுத் தரப்பு நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என 1967ஆம் ஆண்டு சாப்மன் வழக்கில் கூறப்பட்டது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டு காவல் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் 78ஆவது பிரிவு, விசாரணையின் நேர்மையைக் குலைக்கும் சாட்சியத்தை விலக்க நீதிபதிக்கு விருப்புரிமை அளிக்கிறது.

மேல்முறையீட்டுக்கான வழிமுறை

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஏழு ஆண்டுகளுக்கு மிகாமல் விதித்த தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அமர்வு நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்த வழக்குகளும், ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனைகளும் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும். அலிப்பூரில் மாஜிஸ்திரேட் தண்டித்த கன்னக்களவு வழக்கு, பெரும்பாலும் அங்குள்ள அமர்வு நீதிமன்றத்துக்கே மேல்முறையீடாகச் செல்லும். அதன்பின் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு தாக்கல் செய்யலாம்.

கால வரம்புச் சட்டத்தின்படி, அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களும், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாட்களும் அவகாசம் உண்டு. மரண தண்டனை வழக்குகளில் 30 நாட்களே. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் நீதிமன்றம் அதனை மன்னிக்கலாம். மேல்முறையீடு நிலுவையில் உள்ளபோது தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் வழங்கப் புதிய சன்ஹிதாவின் 430ஆவது பிரிவு இடமளிக்கிறது. மேல்முறையீடு விசாரணைக்கு வர நீண்ட காலமாகும் நிலையில், மூன்று ஆண்டுத் தண்டனை பெற்றவருக்கு இந்த உத்தரவு கிடைக்காவிட்டால், தீர்ப்பு வருவதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிடக்கூடும்.

சிறையில் உள்ளவர் தமது மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரி வழியாகவே அனுப்பலாம். காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். அதற்கான தேசிய உதவி எண் 15100. தீர்ப்பின் நகல், சாட்சிகளின் வாக்குமூலங்கள், குறியீடு செய்யப்பட்ட ஆவணங்களின் பட்டியல், ஆட்சேபங்கள் பதிவான நாட்குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைத் தீர்ப்பு வெளியானவுடனேயே கோரிப் பெறுவது நல்லது. எந்தச் சாட்சியம் விலக்கப்பட வேண்டும் என்பதுடன், அதை விலக்கிய பின் எஞ்சும் சாட்சியம் ஏன் போதுமானதல்ல என்பதையும் மேல்முறையீட்டு மனு அந்த ஆவணங்களைக் கொண்டே எடுத்துரைக்க வேண்டும்.